கடைவாய்ப் பல்லும் கனத்த புத்தகமும்

“இன்னைக்கு ஒரு கடைவாய்ப் பல் வந்துச்சு பாரு, அதோட வேர் இருக்கே...” என்று ஒரு காலின் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார் பல் டாக்டர்.

கூடத்து நாற்காலியில் இருந்த மனைவி ஒரு விரலை உயர்த்தினாள். அவ்வளவுதான். மடியில் இருந்த புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டாக்டர் இன்னொரு செருப்போடு வாசலிலேயே நின்றார். விரல் இறங்கட்டும், வேரைப் பற்றிச் சொல்லலாம் என்று காத்திருந்தார். விரல் இறங்கியது. இறங்கிப் பக்கத்தைப் புரட்டியது.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்குச் சாயங்காலம் என்றால் பேச்சு. அன்றைக்குப் பிடுங்கிய பல், அடைத்த பல், பிடுங்கவிடாமல் எழுந்து ஓடிய பல் எல்லாவற்றையும் மனைவியிடம் ஒப்பித்தால்தான் சாப்பாடு இறங்கும். பகலெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கிறவரா என்றால் அதுவும் இல்லை. நாற்காலியில் படுத்திருப்பவரின் வாய்க்குள் பஞ்சையும் கண்ணாடியையும் குழாயையும் வைத்துவிட்டு, “பையன் என்ன படிக்கிறான்?” என்று கேட்பார். “ஆ” என்று பதில் வரும். “இன்ஜினியரிங்கா? நல்லது, நல்லது” என்று தானே முடித்துக்கொள்வார். வருஷக்கணக்காக இதே தொழில் என்பதால், கேள்வியும் நானே பதிலும் நானே என்பது அவருக்குச் சுபாவமாகவே ஆகிவிட்டது.

ஆனால் அவருக்கும் ஒரு குறை உண்டு. நாள் முழுக்க எத்தனையோ வாய்கள் அவர் முன்னால் திறக்கின்றன; ஒன்றுகூட அவரோடு பேசுவதில்லை. பேசக்கூடிய ஒரே வாய் வீட்டில் இருந்தது. அதுவும் இப்போது புத்தகத்துக்குப் பின்னால் போய்விட்டதில் மனிதர் உண்மையாகவே கலங்கிப்போனார்.

மனைவிக்கு டெலிபோன் கம்பெனியில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊராரின் புகார்களைக் கேட்க வேண்டும். “புரியுதுங்க, வருந்துறோம், ஆளை அனுப்பறோம்” என்பதைக் காலையிலிருந்து மாலைவரை சொல்லிவிட்டு வீடு வந்தால், அவளிடம் மிச்சம் இருப்பது ஒரு “ம்” மட்டும்தான். அந்த “ம்” போதும் என்றுதான் டாக்டர் இத்தனை காலம் குடித்தனம் நடத்தினார்.

“என்ன புத்தகம் அது?”

அவள் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். ‘மௌனத்தின் உள்கட்டுமானம்’ என்று போட்டிருந்தது. செங்கல் பருமன். நூலக முத்திரை இருந்தது.

“நல்லா இருக்கா?”

“பிரமாதம்.”

“எதைப் பத்தி?”

“சொன்னா புரியாதுங்க. படிக்கணும். அது எல்லாருக்கும் வராது, விடுங்க.”

மற்ற டாக்டர்கள் கைவிட்ட பல்லையெல்லாம் காப்பாற்றிக் கொடுத்த கை அவருடையது. அவரிடம் போய் வராது என்றால்? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “குடு பார்க்கலாம்” என்று கையை நீட்டினார். நீட்டி முடிப்பதற்குள் புத்தகம் கைக்கு வந்துவிட்டது.

“நீ படிக்க வேண்டாமா?”

“நான் முடிச்சுட்டேன். இது ரெண்டாந்தரம். நீங்களும் முழுசா முடிச்சுட்டு வாங்க, அப்புறம் தினமும் உட்கார்ந்து பேசலாம். நடுவுல எதுவும் கேட்காதீங்க, ருசி போயிடும்.”

ஆக, பேச்சு அந்தக் கரையில் இருக்கிறது, நடுவில் இந்தப் புத்தகம் ஓடுகிறது. நீந்திவிட வேண்டியதுதான் என்று டாக்டர் தீர்மானித்தார்.

தினம் பத்துப் பக்கம், அதற்குமேல் ஆசைப்படக் கூடாது என்று முதல் நாள் ஒரு திட்டம் போட்டார். எறும்பு ஊரக் கல்லும் தேயும். ஆனால் இந்தக் கல் வேறு ஜாதி. ‘பேசப்படாதது, பேசப்படாமையாலேயே பேசப்பட்டதாகிவிடும் அந்தப் புள்ளியில்’ என்று தொடங்கிய முதல் வாக்கியம் அடுத்த பக்கத்திலும் முடியவில்லை. வினைச்சொல் எங்கே என்று தேடிக்கொண்டே போனவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். விழித்துப் பார்த்தபோது மேலே போர்வை இருந்தது, பக்கத்து விளக்கைக்கூட மனைவி அணைத்திருந்தாள். அப்படி ஒரு கரிசனத்தை அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மறுநாள் தந்திரத்தை மாற்றினார். போகிற இடம் தெரிந்தால் வழி தன்னால் தெரியும் என்று கடைசி அத்தியாயத்தை முதலில் பிரித்தார். ‘முதல் அத்தியாயத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியதைப் போல’ என்று அது ஆரம்பித்தது. சரி என்று முதல் அத்தியாயத்துக்கு ஓடினார். ‘இது இறுதி அத்தியாயத்தில் தெளிவாகும்’ என்று அங்கே எழுதியிருந்தது.

“முன்வாசலையும் சாத்திட்டான், பின்வாசலையும் சாத்திட்டான்” என்றார் டாக்டர்.

மனைவி விரலை உயர்த்தினாள். அவள் கையில் இப்போது எதுவுமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை மனசுக்குள் அசைபோடுகிறாள் போலும் என்று டாக்டருக்குப் பொறாமையாக இருந்தது.

இனி விஷயம் தெரிந்தவரைக் கேட்பதுதான் முறை. கிளினிக்குக்குப் போகும் வழியில் நூலகத்தில் நுழைந்தார். நூலகர் ஒரு கன்னத்தைக் கையால் தாங்கியபடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். டாக்டரைக் கண்டதும் கையைச் சட்டென்று இறக்கினார்.

“கஷ்டமான புத்தகத்தைப் படிக்க ஏதாவது வழி இருக்கா சார்? இருக்கும். உங்களுக்குத் தெரியாததா?”

நூலகர் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. “டாக்டர், இந்தப் புத்தகத்தை உங்க வீட்டம்மா...”

“ஆமா, அவங்க முடிச்சுட்டாங்க. ரெண்டாந்தரமும் முடிச்சாச்சு. நான்தான் பாக்கி. எப்படிப் படிக்கிறது சொல்லுங்க.”

“சத்தம்...”

“சத்தமா படிக்கணும். அதானே? எனக்கும் அதேதான் தோணுச்சு. காதுல விழுந்தாத்தான் மண்டையில ஏறும். ரொம்ப நன்றி சார். அது சரி, கன்னம் ஏன் வீங்கியிருக்கு? கீழ்வரிசை, பின்னால. வலி காதுவரைக்கும் போகுதா? போகும். அடுத்த வாரம் சனிக்கிழமை வந்துடுங்க.”

நூலகர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டாக்டர் தெருவில் இருந்தார்.

அன்று சாயங்காலம் கூடத்தின் நடுவில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் அத்தியாயத்தை ஆரம்பத்திலிருந்து உரக்கப் படித்தார். கணீரென்ற குரல். அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மனைவி ஓடிவந்தாள்.

“என்னங்க இது?”

“இதுதான் வழின்னு லைப்ரரியன் சொன்னார்.”

“லைப்ரரியனா? அவரா சொன்னார்?” அவள் முகம் வாடியது. “மனசுக்குள்ளேயே படிக்கலாமேங்க.”

“மனசுக்குள்ள படிச்சா தூக்கம் வருது. இப்பப் பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு.” தெளிவாக ஒன்றும் இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. சத்தம் இருந்தால் டாக்டருக்குத் தைரியம்.

இரண்டாவது அத்தியாயத்தின்போது பக்கத்து வீட்டு ஜன்னல்கள் மூடின. மூன்றாவதில் மனைவி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். டாக்டரும் புத்தகத்தோடு பின்னாலேயே ஏறினார். திறந்த வெளியில் குரல் இன்னும் நன்றாக எடுத்தது.

இரண்டு நாள் கழித்து வேலையிலிருந்து வந்தவள் கைப்பையிலிருந்து இன்னொரு புத்தகத்தை எடுத்து வைத்தாள். அதே ஆசிரியர், இரண்டாம் பாகம். முதல் பாகத்தைவிடப் பருமன். எழுத்து பொடி எழுத்து.

“இதுல பெரிய விஷயமெல்லாம் இருக்காம்” என்றாள். “ஆனா சத்தமா படிச்சா அர்த்தம் கலைஞ்சு போயிடுமாம்.”

டாக்டர் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் இன்னும் முதல் கரையிலேயே கால் நனைத்துக்கொண்டிருக்கிறார். இவள் அடுத்த ஆற்றுக்குப் போய்விட்டாள். இப்படியே போனால் இனிமேல் அவளோடு எதைப் பேசுவது? பல்லையா? மௌனத்தின் உள்கட்டுமானத்தைக் கரைத்துக் குடித்தவளுக்குச் சொத்தைப்பல் சமாச்சாரம் எப்படி ருசிக்கும்? அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஆனால் விடுவதாயில்லை. ஒரு விஷயம் நமக்குப் புரிய வேண்டும் என்றால் அதை இன்னொருவருக்குப் புரியவைக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம் வந்தது. கேட்க ஆள்தானே வேண்டும்? அவரிடம் இல்லாத ஆளா? அதிலும் எழுந்து போக முடியாத ஆட்கள்.

மறுநாள் காலையில் கிளினிக்கில் பாடம் தொடங்கியது. முதலில் மாட்டியவர் ஒரு லாரி டிரைவர். அவர் வாயில் பஞ்சை வைத்துவிட்டு, டாக்டர் முதல் அத்தியாயத்தை விளக்கினார்.

“ஒருத்தர் பேசாம இருக்கார்னு வெச்சுக்குவோம். அவர் பேசலைங்கறது நமக்கு எப்படித் தெரியுது? நாம பேசறதாலதான். புரியுதா?”

“ஆ.”

“அருமை. அப்ப அவரோட மௌனம் யாருக்குச் சொந்தம்? அவருக்கா, நமக்கா?”

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் நீர் வந்தது. பல்லுக்கா புத்தகத்துக்கா என்று சொல்ல முடியாது.

கிளினிக்கில் உதவிக்கு இருந்த சிஸ்டர் பொறுமைசாலி. அவருக்கே மூன்றாவது நாள் பொறுமை போய்விட்டது.

“டாக்டர், வெளியில உட்கார்ந்திருந்தவங்க ரெண்டு பேர் வலி நின்னுடுச்சுன்னு எழுந்து போயிட்டாங்க.”

“நல்லதுதானே.”

“இங்க வந்து உட்கார்ந்த பிறகு நின்னுடுச்சாம் டாக்டர். இன்னொருத்தர் பல்லு சுத்தம் பண்ணத்தான் வந்திருக்கார், ஊசி போடுவீங்களான்னு கேட்கறார்.”

“சுத்தம் பண்ண எதுக்கு ஊசி?”

“காதுக்குப் போட முடியுமான்னு கேட்கறார்.”

டாக்டர் யோசித்தார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது சரிதான், ஆனால் இங்கே பிழைப்பே போய்விடும் போலிருந்தது. பேசிப் புரியவைப்பதை நிறுத்தினார். அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே புத்தகத்தை முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது அவர் கண்ணில் பட்டது. மொத்தம் முப்பத்திரண்டு அத்தியாயங்கள்.

“அடப்பாவி, இது வாய்” என்றார் டாக்டர்.

வாய் என்றால் அவருக்கு என்ன பயம்? ஒரு வாயைப் பார்த்ததும் முப்பத்திரண்டு பல்லையும் ஒரே நாளில் சரிசெய்ய எந்த மடையனாவது நினைப்பானா? முதலில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். எது கெட்டி, எது சொத்தை, எது ஆடுகிறது என்று குறிக்க வேண்டும். நல்லதை விட்டுவிட வேண்டும். வலிக்கிற இடத்தில்தான் வேலை. நோயாளிகளுக்கு எழுதும் பல் அட்டை ஒன்றை எடுத்தார். இரண்டு வரிசையாகப் பல் படம் போட்ட அந்த அட்டையில், அத்தியாயத்துக்கு ஒரு பல்லாக, படித்துப் படித்துக் குறிக்க ஆரம்பித்தார். பக்கங்களுக்கு நடுவே அடையாளத்துக்குப் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலைத் துண்டு துண்டாக வெட்டி வைத்தார். இரண்டு நாளில் புத்தகத்துக்குத் தாடி முளைத்தது.

ஆச்சரியம் என்னவென்றால், வேலை நடந்தது. அவருக்கே நம்ப முடியாதபடி ஒன்றிரண்டு அத்தியாயங்கள் வாயைத் திறந்தன. உற்சாகம் தாங்காமல், எழுதிய அட்டையை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கைகழுவப் போனார். வினை அங்கேதான் வந்தது.

பல் சுத்தம் செய்துகொள்ள வந்திருந்த தலைமையாசிரியை அம்மாள் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் பிரம்படி வாங்கியவர்கள். அவர் எதற்கும் அஞ்சியதாகச் சரித்திரம் இல்லை. சிஸ்டர் மேஜையில் கிடந்த அட்டையைப் பார்த்தார். இந்த அம்மாளின் அட்டை என்றே நினைத்தார். பார்த்துவிட்டு, பல் பிடுங்கும் குறடுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் தட்டில் அடுக்க ஆரம்பித்தார்.

“என்னம்மா இவ்வளவு எடுத்து வைக்கறே?”

“தைரியமா இருங்கம்மா” என்றார் சிஸ்டர்.

தைரியமா இரு என்று யாராவது சொன்னால்தான் மனிதனுக்குத் தைரியம் போகும். தலைமையாசிரியை எட்டி அட்டையைப் பிடுங்கினார். டாக்டரின் கையெழுத்து. ‘முன்வரிசை பார்வைக்கு அழகு, உள்ளே ஒன்றுமில்லை. அடுத்த நான்கும் வெறும் ஓடு. பின்னால் இருப்பவை யாருக்கும் தேவையில்லை, அடியோடு நீக்கலாம். கீழே முழுக்க நாற்றம். மொத்தத்தையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் ஒழிய விமோசனம் இல்லை.’

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. தலைமையாசிரியை கழுத்தில் கட்டிய துணியோடு தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

“உண்மையைச் சொன்னா யாருக்கும் பிடிக்காது டாக்டர்” என்றார் சிஸ்டர் அனுதாபமாக.

டாக்டர் துணிக்கு ஆளை அனுப்பினார், மன்னிப்பும் சொல்லியனுப்பினார். அதற்குப் பிறகும் அட்டையைக் கிழித்துப் போடவில்லை. மேஜை டிராயரில் வைத்துப் பூட்டி, ஆள் இல்லாதபோது எடுத்தார். ஆள் இல்லாத நேரம் இப்போது நிறைய இருந்தது. ஒரு வாக்கியம் மசியவில்லை என்றால் அதைச் சுற்றியுள்ள நாலு வாக்கியங்களை முதலில் சுத்தம் செய்தார். ஈறு ஆறினால் பல் தானாக நிற்கும். புரியாத இடத்தில் பிடிவாதம் பிடிக்காமல் தற்காலிகமாக அடைத்துவிட்டு மேலே போனார். பத்துப் பக்கம் தாண்டித் திரும்பி வந்தால் அது பாதி புரிந்திருந்தது. வீட்டிலும் அப்படித்தான். சத்தம் போடவில்லை, தூங்கவில்லை. மனைவி எதிரே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபடி ஏதோ ஒரு பாட்டின் மெட்டை மெல்ல முனகினாள். அவள் முனகிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. டாக்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, சீக்கிரம் முடித்துவிட்டு இவளோடு பேச வேண்டும் என்று இன்னும் வேகமாகப் படித்தார்.

சனிக்கிழமை, கிளினிக்கில் கடைசிப் பக்கம் வந்தது. கடைசி வரியைப் படித்துவிட்டு டாக்டர் புத்தகத்தை மூடினார். புரிந்துவிட்டது. அத்தனை பக்கமும் சுற்றிச் சுற்றிச் சொன்னது ஒன்றுதான்: இரண்டு பேர் பேச்சுக்கு நடுவில் சும்மா இருக்கிற இடம்தான் அந்தப் பேச்சைத் தாங்குகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இடுக்கு இல்லாவிட்டால் அது பல்வரிசையா? இந்த வயதில் ஒரு புத்தகத்தை இப்படிப் படித்து முடிப்போம் என்று அவர் நினைத்ததே இல்லை.

இதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு நூலகர் நுழைந்தார்.

“வாங்க சார், உங்களுக்கு நூறு ஆயுசு. உட்காருங்க. பயமா? பயம் எதுக்கு? வாயைத் திறங்க.”

“டாக்டர், அதுக்கு முன்னாடி அந்தப் புத்தகத்தைப் பத்தி உங்ககிட்ட ஒரு...”

திறந்த வாயை டாக்டர் வீணாக்குவதில்லை. ஊசி இறங்கியது. பஞ்சு போனது, குழாய் போனது.

“புத்தகத்தைப் பத்தித்தானே? முடிச்சுட்டேன் சார். ஒரு எழுத்து விடாம.”

“ஆ... ஆஆ.”

“எனக்கும் அதே சந்தோஷம்தான். இப்ப எனக்கு முழுசா புரிஞ்சு போச்சு. பேச்சுக்கு நடுவுல மௌனம் எவ்வளவு முக்கியம்னு புரிஞ்சுது. இதை இன்னைக்கே என் வீட்டம்மாகிட்ட விளக்கப் போறேன். சாயங்காலம் ஆரம்பிச்சா, சாப்பாட்டு நேரத்துக்குள்ள ஒரு ரெண்டு அத்தியாயம் ஆகும். தினமும் ரெண்டு ரெண்டா சொல்லலாம்.”

நூலகர் தலையை ஆட்டினார். டாக்டர் தாடையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஆடாதீங்க. அவங்க காத்துக்கிட்டிருக்காங்க சார், பாவம். முடிச்சுட்டு வாங்க, பேசலாம்னு எங்கிட்ட சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு பாடுபட்டேன். நாள்பூரா நான் பார்க்கற வாயில என்னோட பேசற வாய் அது ஒண்ணுதான் சார். அதுவும் பேசாம போயிடுமோன்னு பயந்துட்டேன்.” டாக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே சமாளித்துக்கொண்டார். “இனிமே கவலை இல்ல. ரெண்டாம் பாகமும் வீட்டுல இருக்கு. பொடி எழுத்து. அதை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவங்களுக்கு நானே வாய்விட்டுப் படிச்சுக் காட்டறதா இருக்கேன்.”

நூலகர் இரண்டு கையையும் தூக்கி வேண்டாம் என்பதுபோல் ஆட்டினார்.

“வலிக்குதா? வலிக்காது. இதோ முடிஞ்சுது.”

அடைத்து, தேய்த்து, குழாயை எடுத்து, கடைசியாகப் பஞ்சையும் எடுத்தார் டாக்டர். “துப்புங்க. இப்பச் சொல்லுங்க, என்னமோ சொல்ல வந்தீங்களே.”

நூலகர் துப்பினார். மரத்துப்போன தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, பாதி வாயால், மெதுவாக, ஒரு வார்த்தைகூட விட்டுப்போகாதபடி சொன்னார்:

“டாக்டர், அந்தப் புத்தகத்தை உங்க வீட்டம்மா ஒரு வரிகூட படிக்கல, ‘எங்க வீட்டுக்காரர் சாயங்காலம் ஒரு மணி நேரம் வாயை மூடிட்டு உட்கார ஒரு புத்தகம் குடுங்க, நான் படிக்கற மாதிரி உட்கார்ந்தா அவரே வந்து பிடுங்கிக்குவார்’னு சொல்லித்தான் எடுத்துட்டுப் போனாங்க, நீங்க கடைசி அத்தியாயத்துக்கு வந்துட்டீங்கன்னு இன்னைக்குக் காலையில மறுபடி வந்து, வாய்விட்டுப் படிக்கவே முடியாத புத்தகம் ஏதாவது இருக்கான்னு கேட்டுட்டுப் போறாங்க.”